கல்லா, மண்ணா

நீதிமன்ற வாசலில் பை சோதிப்பது என் வேலை.
கத்தி, லைட்டர், கண்ணாடிப் புட்டி, கல்:
பட்டியலில் உள்ளது எதுவும் உள்ளே போகாது.

ஏழாவது வாய்தாவுக்கு வந்தார்கள்,
கெஸ்தானே அடுக்ககத்தில் எஞ்சியவர்கள்.
கழுத்தில் படங்கள்.
பல் முளைக்காத ஒரு சிரிப்பு.
கல்யாணப் படத்தில் பாதியை வெட்டி
ஒருவர் மாட்டியிருந்தார்.
வெட்டிய பாதிதான்
மற்றதைச் சுமந்துகொண்டு வரிசையில் நின்றது.

அன்றைக்கு நிலம் எல்லோருக்கும்தான் ஆடியது.
பக்கத்துக் கட்டடத்தில்
இரண்டு ஜன்னல் கண்ணாடி.
இவர்களுக்கு எட்டு மாடி.

இடிபாட்டை அள்ள லாரிகள் வந்தபோது
இருட்டில் போய்த் திருடினார்களாம்,
தூணில் ஒரு துண்டு, வளைந்த கம்பி ஒன்று,
தங்கள் வீட்டைத் தாங்களே.

முசெய்யன் அக்கா அதை
ஆலிவ் டப்பாவில் வைத்திருந்தாள்.
"கல்லுக்கு அனுமதி இல்லை அக்கா" என்றேன்.
அவள் வாதாடவில்லை.
என் மேசைமேல் வைத்து
இரண்டு விரலால் நசுக்கினாள்,
ரொட்டித் துண்டைப் போல.

உதிர்ந்தது.

"கல்லாக இருந்திருந்தால்
நான் ஏன் தம்பி இங்கே வருகிறேன்?"

மணலுக்குள் ஒரு கிளிஞ்சல்,
நகக்கண் அளவு, ஓரத்தில் இளஞ்சிவப்பு இன்னும்.
"எங்கள் ஐந்தாம் மாடியிலிருந்து
கடல் தெரியாது" என்றாள்.
"சுவருக்குள் இருந்திருக்கிறது,
பதினாறு வருஷம்."

பதிவேட்டில் கல் என்று எழுதி, அடித்து,
மணல் என்று எழுதினேன்.
மணல் பட்டியலில் இல்லை.
போங்கள் என்றேன்.

உள்ளே என்ன நடந்ததென்று எனக்குத் தெரியாது.
பொறியாளரை விசாரிக்க
மேலிடத்து அனுமதி வரவில்லையாம், இந்த முறையும்.
நான் கேட்டதெல்லாம்
பிறகு படிக்கட்டில் ரைஃப் வாத்தியார்
பெயர் பெயராக வாசித்தது,
ஒவ்வொன்றுக்கும் எல்லோரும் சேர்ந்து
"இங்கே" என்றது.
வகுப்பில் வருகை எடுப்பது மாதிரி.
நாற்பத்து மூன்று முறை.
நடுவில் ஒரு பெயருக்கு
யாருக்கும் குரல் வரவில்லை.
அவர் காத்திருந்தார். மறுபடி வாசித்தார்.

அடுத்த வாய்தா நவம்பரில்.

இரவு வீட்டில்
அடுப்படிச் சுவரைச் சாவியால் கீறினேன்.
என்ன சத்தம் என்றாள் ஹஜெர், படுக்கையிலிருந்து.
ஒன்றுமில்லை என்றேன்.

தரையில் கொஞ்சம் விழுந்திருந்தது.
பெருக்குவதற்கு முன்
ஒரு பொட்டு எடுத்து
நாக்கில் வைத்தேன்.