பட்டாணிப் பைக்கு அடியில்

மைனஸ் நாற்பத்தொன்று.
கோழிக் கூட்டு விளக்கு இரவில் எப்போதோ அணைந்திருக்கிறது.
மாற்ற வேண்டிய பல்பு
மூன்று நாளாய் என் கோட்டுப் பையில்.

பத்துக் கோழிகள் கழிமேல், ஒன்றோடொன்று ஒட்டி.
ஒன்று மட்டும் தண்ணீர்த் தட்டருகே
சிந்திய நீரோடு சேர்ந்து உறைந்து.

தேய்க்காதே என்றாள் டாஃபின் மிருக வைத்தியர்.
வெதுவெதுப்பு போதும்,
உன் மணிக்கட்டு மறந்துபோகிற சூடு.

குளியல் தொட்டியில் துணிக்கூடை.
இரண்டு வாரம் நாங்கள்
சமையலறைக் குழாயடியில் தலை குளித்தோம்.
விரல்கள் முதலில் ஊதா, பிறகு கரி,
பிறகு பழைய குடைக்கம்பி.
உயிர் நின்ற இடத்தில் ஒரு கோடு,
பென்சிலால் யாரோ குறித்துவிட்டுப் போனதுபோல்.

பனி தள்ளும் வண்டியை நிறுத்தி
வெர்னன் எட்டிப் பார்த்தான்.
"ஒரு நிமிஷ வேலை. நான் செய்யட்டுமா?"
காபி கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனான்.

பிப்ரவரி ஒன்பது, கட்டு மாற்றும்போது
இடது கால் துணியோடு கழன்று வந்தது.
ரத்தமில்லை.
அவள் சோளம் கொத்திக்கொண்டிருந்தாள்.
கத்தியது நான்தான்.

குப்பையில் போட மனமில்லை.
மண்ணோ மே மாதம்வரை இரும்பு.
மெழுகுத்தாளில் சுற்றி
ஃப்ரீசரில் வைத்தேன், பட்டாணிப் பைக்கு அடியில்;
பறித்த குளிரிடமே
பத்திரப்படுத்தச் சொல்லி.

ஓரெஸ்ட் அந்தப் பெட்டியைத் திறப்பதில்லை.
பட்டாணி வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுகிறான்.

விடியற்காலை ஐந்து மணி, மரத்தரையில்
ஒரு காலும் துணி சுற்றிய கட்டையுமாக
டக், மெத், டக், மெத்.
எங்கள் அறைக் கதவுவரை வந்து
நிற்கிறது.