மறு ஒளிபரப்பு

சாட்ஸ்வொர்த், ஞாயிறு இரவு.
திரையில் ஆறு பிரபலங்கள்.
ஒருவரையும் எங்களுக்குத் தெரியாது,
லண்டனில் பெரிய ஆட்களாம்.

'டாக்டர் என் ______ பார்த்து மயங்கி விழுந்தார்.'
கோடிட்ட இடத்தை நிரப்புக.

"கரண்ட் பில்" என்பான் பூபாலன்
பிஸ்கட்டைத் தேநீரில் முக்கியபடி.
தப்பு.

மூன்று மாதம் கழித்து அதே நிகழ்ச்சி,
அதே ஆரஞ்சு நிறக் கோட்டு,
அதே இடத்தில் அதே சிரிப்பு.
விடை தெரிந்தும்
"கரண்ட் பில்"தான்.
"பேச்சு மாற மாட்டேன் அக்கா."

அந்த ஆறு பேரில் நால்வர்
எப்போதோ போய்விட்டார்களாம்.

லோட்ஷெடிங் முடிந்து திரை வெளுக்கிறது.
டாக்டர் விழக் காத்திருக்கிறார்.
பக்கத்து நாற்காலியைப் பார்க்காமலே
"கரண்ட் பில்" என்கிறேன்.

தப்பு.
அரங்கமே சிரிக்கிறது.
என் பிஸ்கட்
மயங்கி விழுகிறது தேநீருக்குள்.