அரை டயாப்டர்

மூன்று மாதம் கேமராவைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.
ட்ரியெஸ்ட் துறைமுகத்துக்காரர்கள் எல்லோரும்
காதில் தெளிவாகவும் கண்ணில் கலங்கலாகவும் விழுந்தார்கள்.
பைலட் படகு ஓட்டும் எஜிடியோவின் முகம் எங்கோ போய்
அவன் முதுகுக்குப் பின்னால் கிடந்த கயிற்றுச் சுருள்
நார் நாராக எழுந்து நின்றது.

இரண்டு தடவை பொட்டலம் கட்டி
மேலே ஓப்பிச்சினாவுக்கு ஏறிப் போய்
ஸோர்கோவிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.
இரண்டாம் தடவை, பில்லின் பின்பக்கம்
பென்சிலில் எழுதியிருந்தான்:
"நெரினா, கருவியில் மயிரிழை பிசகு இல்லை.
பழுது அதற்கு ஓர் அங்குலம் பின்னால்."
தொகை என்ற இடத்தில் பூஜ்யம்.
முப்பது யூரோ கேட்டிருந்தால்கூட
இவ்வளவு சுட்டிருக்காது.

ரேஞ்ச்ஃபைண்டருக்குள்
நடுவில் ஒரு சின்னச் சதுரம், ஆறிய தேநீரின் நிறம்.
அதற்குள் ஆளின் ஆவி கொஞ்சம் தள்ளி நிற்கும்.
வளையத்தைத் திருப்பத் திருப்ப
நகர்ந்து வந்து உடம்பில் ஏறும்.
ஏறிய நொடியில் அமுக்க வேண்டும்.
இருபத்தாறு வருடமாய் இதுதான் பிழைப்பு.
இப்போதோ
ஆவிக்கே ஓர் ஆவி.

கண்ணாடிக் கடைக்காரி விசின்டினுக்கு முப்பது வயதுகூட இருக்காது.
கேமராவை வாங்கி முதலில் தானே எட்டிப் பார்த்தாள்.
"துளைக்குள் ஏற்கனவே மைனஸ் அரை இருக்கிறது.
அதாவது, இதில் தெரிவது எல்லாமே
உங்கள் கண்ணுக்கு இரண்டு மீட்டரில் நிற்கிறது.
மலை, கப்பல், நிலா, எதுவானாலும்."

பிறகு அவள் சொன்னது சற்று நேரம் ஏறவில்லை.
பத்ராஸுக்குப் புறப்பட்ட கப்பலின் மேல்தளத்தில்
கையசைத்த ஃபாபியோவை
இதன் வழியாகத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்,
அவன் உப்புக் கல் அளவு ஆகும் வரை.
இரண்டு மீட்டர்.
எட்டிப் பிடித்திருக்கலாம்.
இல்லை, யார் கையும் இரண்டு மீட்டர் நீளாது.

"உங்களுக்கு வேண்டியது பிளஸ் ஒன்று,
கேமரா தின்பது அரை, ஆக ஒன்றரை,"
மளிகைக் கணக்குப் போலச் சொன்னாள்.
சிதறல் பார்வையும் கொஞ்சம் உண்டாம்.
அதற்கும் வில்லை அரைக்கலாம், ஆனால்
படுக்கப் பிடித்தால் சரியாவது
நிறுத்திப் பிடித்தால் கூடவே திரும்பிக் கெடுக்கும்.
"எப்படிப் பிடிப்பீர்கள்?"
ஆளைப் பொறுத்து, என்றேன்.
அதை விட்டுவிட்டோம்.

அதன் மேல் திருகிக்கொள்ள
ஒன்றேகால் மடங்கு பூதக்கண்ணாடி ஒன்று.
பூதம் கட்டைவிரல் நகத்தளவு,
விலைதான் முழங்கை வரை.
எதிர்க்கடைப் பலகையில்
எழுத்துகள் ஓர் அடி முன்னால் வந்தன.
வெளிச்சம் ஒரு சுற்று இளைத்தது.
சட்டத்தின் ஓரக் கோடுகள்
துளைக்கு வெளியே எங்கேயோ விழுந்துவிட்டன.
நடுவை வாங்க ஓரத்தை விற்க வேண்டும்.
விற்றேன்.

வியாழக்கிழமை போரா காற்று அடித்தது,
தெருமுனைக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு ஜனம் நடக்கும் காற்று.
படகுத்துறையில் எஜிடியோ.
திருகினேன், திருப்பினேன்,
ஆவி வழுக்கி வந்து உடம்பில் சட்டென்று உட்கார்ந்தது.
இமைமயிரை எண்ணலாம்.

அப்போதுதான் தெரிந்தது
அவன் கண் சுருங்கியிருப்பது காற்றுக்கு அல்ல என்று.
அலை அட்டவணையை முழுக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து
இன்னும் ஒரு சாண் கை கிடைக்காதா என்று
தேடிக்கொண்டிருந்தான்,
நாற்பதாயிரம் டன் கப்பலை
உரசாமல் ஒட்டிப் படகு ஓட்டுகிறவன்.
நான் எடுத்த கலங்கிய படங்களில் எல்லாம்
இப்படித்தான் நின்றிருப்பான் போல.

அமுக்கவில்லை.
பையைத் துழாவி ஸோர்கோவின் பில்லை
பின்பக்கம் மேலாக நீட்டினேன்.
வாங்கினான். தள்ளிப் பிடித்தான்.
இன்னும் தள்ளினான்.

"சே, இந்தக் காற்றில் ஒன்றும் படிக்க முடியவில்லை.
நீயே வாசித்துச் சொல்லு."