பொறுப்பாளர் மாற்றம்

விவாகரத்துக்கு ஒருமுறை கையெழுத்துப் போட்டால் போதும்.
லைசென்ஸ் அப்படியல்ல.
இரண்டு வருடத்துக்கு ஒரு டிசம்பர்
மினசோட்டா மாநிலத்துக்கு என் ஞாபகம் வரும்.
ஐலா கூப்பிடுவாள்:
"டுவேன், புதுப்பிக்கணும். ஞாயிற்றுக்கிழமை வா."

கம்பெனி அவளுடையது.
வேன், வேலையாட்கள் மூவர், வங்கிக் கடன்,
பிணைப் பத்திரம், பதினோரு பக்கக் காப்பீடு
எல்லாம் அவளுடையது.
மாஸ்டர் பிளம்பர் எண் மட்டும் என்னுடையது.
அந்த எண்ணை நம்பித்தான்
இந்த இரும்புச் சுரங்க ஊரின் பாதிக் கழிவறைகள்
சட்டப்படி ஓடிக்கொண்டிருந்தன.

ஆறு வருடம், மூன்று படிவம்.
மூன்று முறையும் அதே சமையலறை மேசை,
அதே நீலக் கோப்பையில் காபி.
ஒவ்வொரு முறையும் பதினைந்து நிமிடம்.
நான் அதை இருபதாக்கப் பார்ப்பேன்:
பயிற்சி மணிநேரச் சான்றிதழை
வேண்டுமென்றே லாரியில் விட்டுவிட்டு வந்து,
எடுக்கப் போவேன்.

இந்த முறை மைனஸ் இருபத்தாறு.
துவைத்த சட்டை.
நகக்கண்ணில் இருந்த குழாய்ப்பசையை
பழைய டூத் பிரஷால் தேய்த்திருந்தேன்.
சொந்தப் பேனா வேறு.

அவள் படிவத்தை என் பக்கம் திருப்பினாள்.
பொறுப்பு மாஸ்டர் பிளம்பர் மாறியிருக்கிறாரா?
ஆம் என்ற கட்டத்தில் ஒரு டிக்.
அதன் கீழே
ஐலா கங்காஸ், ஓர் எண்.
எனக்குத் தெரியாத எண்.

போன மார்ச்சில் ஒரு ராத்திரி பத்து மணிக்கு அழைத்து,
"இரண்டங்குலக் கழிவுக் குழாய்க்குச் சரிவு எவ்வளவு?" என்றாள்.
"அடிக்குக் கால் அங்குலம்."
அடுத்த வாரம்,
"ட்ராப்பில் தண்ணீர் எவ்வளவு நிற்கணும்?"
"இரண்டுக்குக் குறையாமல், நாலுக்கு மிஞ்சாமல்."
போனை வைத்துவிட்டு நெடுநேரம் விழித்திருந்தேன்.
தூக்கம் வராத ஒருத்தி
பேச ஒரு சாக்குத் தேடுகிறாள் என்று
அந்தக் கேள்விகளுக்கு நானாக ஓர் உரை எழுதிக்கொண்டேன்.
அவள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

"இரண்டாவது தடவைதான் பாஸ்" என்றாள்.
"முதல் தடவை வெண்ட் கணக்கில் போச்சு."
"அதைக் கேட்டிருக்கலாமே."
"கேட்டிருந்தால் நேரில் வந்திருப்பாய்."

உண்மைதான்.

எனக்கென்று ஒரு தாள் தனியாக இருந்தது.
இந்த நிறுவனத்திலிருந்து விலகுகிறேன்.
இந்த மாதிரி வாக்கியத்தின் கீழ்
ஏற்கெனவே ஒருமுறை போட்டிருக்கிறேன்.
கையெழுத்து பழக்கப்பட்ட மாடு மாதிரி
தானே வீடு போய்ச் சேர்ந்தது.
காபி இன்னும் சூடாக இருந்தது.
ஏழு நிமிடம்.

"ஒரு வேலை இருக்கு" என்றாள்.
வேன் கதவில் என் எண்.
நாளைக் காலை அவளுடையது இருக்க வேண்டும்.
ஜன்னல் வழியே வயரை இழுத்து
நான் ஹேர் டிரையரைப் பிடித்துக்கொள்ள
அவள் பெயின்ட் சுரண்டும் தகட்டால்
ஒவ்வோர் இலக்கமாக உரித்தாள்.
குளிரில் பசை விடவில்லை.
எட்டு அரையாகக் கிழிந்து மூன்றானது.
அதைப் பார்த்து இருவருமே சிரித்தோம், வாயில் புகை வர.
கங்காஸ் என்ற பெயரை அவள் தொடவில்லை.
நானும் கேட்கவில்லை.
விளம்பரத்துக்குப் பழகிய பெயர், வேறென்ன.

கடைசி இலக்கம் நாலு.
அவள் எண்ணுக்கும் கடைசி நாலுதானாம்.
"அது கிடக்கட்டும்" என்றாள்.
ஸ்டிக்கருக்குக் காசு மிச்சம்.

கொஞ்சம் சாய்ந்திருக்கிறது அந்த நாலு.
நான் ஒட்டியது.
எதிர்வீட்டுக்காரன் பனி தள்ளும் இயந்திரத்தைக் கிளப்ப முடியாமல்
இழுத்து இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தான்.
டிரையரை அணைத்து, வயரைச் சுருட்டி,
எங்கே வைப்பது என்று தெரியாமல்
கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.