வெள்ளை அட்டை

கட்டபெட்டில் முப்பத்தொரு வீடு, இன்றைக்கு.
மீட்டரைப் பார்ப்பேன், எண்ணை அட்டையில் எழுதுவேன்.
அட்டையைக் கையில் தராமல்
சுவர்மேல் வைத்துவிட்டு உள்ளே போகிறவர்கள் உண்டு.
என் முழங்கையிலிருந்து உதிர்வது
அவர்கள் கோலத்தில் விழுந்துவிடுமாம்.
லிங்கம்மா மட்டும் கையில் கொடுப்பார்,
கூடவே ஒரு கேள்வி: "இன்னுமா போகலெ?"

போகாது.
இருபத்தெட்டு நாள் எடுத்துச் செய்யவேண்டியதை
நாலே நாளில் முடித்துவிடுகிறது என் தோல்.
அவசரக்குடுக்கை.

முதலில் வெட்பாலை.
இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால்
ஒரே நாளில் ஊதாவாகும் என்றார் மேட்டுப்பாளையத்து வைத்தியர்.
கோத்தகிரி மார்கழியில் எட்டு நாள் ஆயிற்று,
அதிலும் பாதி, வெயிலென்று நான் நம்பியது.
கடைசியில் சட்டை மட்டும் ஊதா.

பிறகு கோவையில் ஒளிப்பெட்டி.
வாரம் மூன்று முறை, காலை ஐந்தேமுக்கால் பேருந்து.
மாத்திரை விழுங்கி, கறுப்புக் கண்ணாடி மாட்டி,
உள்ளாடையோடு நின்றால்
நாலு பக்கமும் நீலம்.
செதில் அடங்கியது. அரைக்கைச் சட்டை தைத்தேன், இரண்டு.
அங்கேயும் ஓர் அட்டை:
இத்தனையாவது முறை, இத்தனை அளவு.
யூனிட் எழுதுகிறவனுக்கு
ஒரு நர்ஸ் யூனிட் எழுதினாள்.
நூற்றெண்பத்தேழு.

"காதுக்குப் பின்னால ஏதோ இருக்கு சார்,
பருவும் இல்ல, செதிலும் இல்ல" என்றார்
முடிவெட்டுகிற இன்னாசி, சீப்பை எடுக்காமலே.

டாக்டர் பெனாசிர் சுற்றி வளைக்கவில்லை.
"படை புற்றா மாறாது. அதை விடுங்க.
ஆனா குடிச்ச வெளிச்சத்துக்குக் கணக்கு உண்டு.
நீங்க இருக்கிறது ஆறாயிரம் அடி,
பனிமூட்டத்திலும் வெயில் இறங்கும்.
தொப்பி போடுங்க."
போன வருஷம் இவரேதான் வெயிலில் நிற்கச் சொன்னார்.
அதையும் சொன்னேன். சிரித்தார், மறுக்கவில்லை.
"அன்னிக்கு அது மருந்து."

கடுகளவு வெட்டி எடுத்துக் குப்பியில் போட்டு
என் பெயரைத் தப்பாக எழுதினார்கள்.
திருத்தினேன்.
எதுவானாலும் என்னுடையதாகவே இருக்கட்டும்.

பதினோரு நாளாயிற்று.
தொப்பி போட்டுக்கொண்டு மேடேறுகிறேன்.
தேயிலைக்குள் நிழல் கிடையாது,
சில்வர் ஓக் தருவது கோடு கோடாக, ஆளுக்குப் பத்தாது.

பூட்டிக் கிடக்கிற வீடு வந்தால்
'டோர் லாக்' என்று போட்டு
போன கணக்கையே இந்தக் கணக்காக எழுதுவோம்.
உள்ளே எது ஓடுகிறது,
விளக்கா, அணைக்க மறந்த ஹீட்டரா,
தெரியாது.
குளித்துத் துவட்டும்போது
காதருகே கை போகாமல் பார்த்துக்கொண்டு
போன மாதத்து உடம்பையே
என் பேரில் எழுதிவருகிறேன்.