நாற்பத்தொன்று

பிறையிலிருந்து வந்த லோரி
பாலத்தில் ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டது.
உள்ளே இருந்த நைட்ரஜன் நிற்கவில்லை.
பாத்திரத்தின் வாய் வழியே கொஞ்சம் கொஞ்சமாகக்
கடலுக்கு மேல் போய்க்கொண்டே இருந்தது.
"போனதற்கும் சேர்த்துத்தான் பில்" என்றான் ரொஸ்லி.

பாயான் லெப்பாஸ். தொழிற்சாலையின் பின்கட்டு.
சுவிட்சுப் பெட்டிகளுக்கு முன்பு எண்ணெய் ஊற்றினோம்.
பிறகு ஒரு வாயு,
கசிந்தால் ஆயிரம் ஆண்டுக்கு வானைவிட்டு இறங்காதது.
இப்போது இது:
சுழியத்துக்குக் கீழே நூற்றுத் தொண்ணூற்றாறு.

ஊற்றும்போது அலறும்.
நம் ஊர் வெக்கையில் இருந்து பழகிய பித்தளை
லேசில் குளிரை ஒத்துக்கொள்ளாது.
கொதித்துக் கொதித்துச் சட்டென்று அடங்கியது.
தெளிவு. நடுவே இரண்டு உருண்டைகள்,
இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி.

தரையில் முழங்கால் மட்டும் வெண்புகை.
குணவதி காலைத் தூக்கித் தூக்கி நடந்தாள்,
வெள்ளத்தில் செருப்பைத் தேடுகிறவளைப் போல.

ஏற்று, என்றேன்.
இருபது. முப்பது. முப்பத்தைந்து கிலோவோல்ட்.
முகம் சுளிக்கவில்லை அந்தத் திரவம்.
சம்பள உயர்வு கேட்ட அன்று
எங்கள் மேனேஜர் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

கண்ணாடி வழியே பார்க்கிறேன்:
கீழ் உருண்டையின் திருகு மரையில்
ஒரு குமிழி. கடுகளவு.
எங்கிருந்தோ கசிந்த கொஞ்சம் சூடு, அவ்வளவுதான்.
அது மேலேறி
இடைவெளிக்குள் நுழைந்து

டக்.

விரல் முட்டியால் மேசையைத் தட்டிய சத்தம்.
ஒரு நீலம்.
முள் சுழியத்தில் விழுந்தது.
நாற்பத்தொன்று என்று எழுதினாள் குணவதி,
பக்கத்தில் மணி: நாலு பதினேழு.

எண்ணெய் என்றால் கரி பிடிக்கும்.
அடிக்கு அடி கறுத்துக் கடைசியில்
கோப்பி ஓ நிறத்துக்கு வந்து நிற்கும்.
இது மூடிக்கொண்டது.
அடிபட்ட இடம் எது என்று யாராலும் காட்ட முடியாது.
ஐந்து நிமிடம் விட்டு மறுபடி ஏற்றினோம்,
நாற்பத்துமூன்று வரை தாங்கியது.

"இத்தனை லிட்டரும் ஒரு குமிழிக்குத் தோற்றதே!"
"மூடியை இறுக்கி அழுத்தம் கொடுத்தால் குமிழி வராது."
"வராதா, தெரியாதா?"
அறிக்கைப் படிவத்தில்
அந்தக் கேள்விக்குக் கட்டம் இல்லை.

ஆறு மணிக்கு இடி. ஜெலுத்தோங் பக்கம் கரண்ட் போனதாம்.
மீதியை யாரும் வடிக்கவில்லை.
தான் வந்த காற்றுக்கே
அது தானாகப் போய்க்கொண்டிருந்தது.

காலையில் திறந்தோம்.
வெளியெல்லாம் வேர்த்த வெறும் பாத்திரம்.
உருண்டையை எடுத்துத் துடைத்து
நகத்தால் தடவினேன்.
ஓர் இடத்தில்
நகம் நின்றது.