வண்டிக்கு விக்கல்

எல்லீஸ் நகர் பாலம் ஏறும்போது
பதினோரு பிள்ளைகளும் ஒருமுறை முன்னால் சாய்ந்து
ஒருமுறை பின்னால் சாய்ந்தார்கள்.
ஆம்னிக்கு மூன்று சிலிண்டர்;
அன்றைக்கு இரண்டரைதான் வேலைக்கு வந்திருந்தது.
"வண்டிக்கு விக்கல்க்கா" என்றான் கபிலன்.
இரண்டாம் வகுப்பு, ஜன்னலோரம்.
"தண்ணி குடுங்க."

பைபாஸ் ரோட்டு மெக்கானிக்
சாவியைக்கூட வாங்காமல் காயில் போச்சு என்றார்.
நாலாயிரத்து இருநூறு.
இந்த மாதம் வேன் பீஸ் தராதவர்கள்
இரட்டையர் வீடு, பொன்மேனி டாக்டர் வீடு.
டாக்டர் வீட்டில் கேட்க ஒரு மாதிரியாக இருக்கும்.

சனிக்கிழமை சாப்பிட்டுவிட்டு
வண்டி ஆறியதும் முன்சீட்டைத் தூக்கினேன்.
இந்த வண்டியில் எஞ்சின் நமக்குக் கீழே.
வருடம் முழுக்க அதன்மேல் உட்கார்ந்திருந்துவிட்டு
முகம் பார்த்தது அன்றைக்குத்தான்.

மூன்று பிளக்.
முதலாவது காப்பிப்பொடி நிறம், பிழைத்தது.
நடுவிலது கரிச்சட்டி.
மூன்றாவது கொட்டாவி விட்டபடி இருந்தது.

சிம்மக்கல் பழைய இரும்புக் கடையில்
அறுபது ரூபாய்க்கு வாங்கிய கேஜ்.
உறையில் பதிமூன்று தகடு என்று போட்டிருந்தது.
எண்ணினால் பன்னிரண்டு.
இல்லாதது, எனக்கு வேண்டிய பாயிண்ட் எட்டு.
யாரோ அதை மட்டும் உருவிப் போயிருக்கிறார்;
அவரிடமும் மாருதி இருந்திருக்கும்.

ஐந்தும் மூன்றும் எட்டு.
இரண்டு தகட்டையும் துப்பட்டாவில் துடைத்து
ஒட்டிப் பிடித்தேன்.

கரிச்சட்டியை பிரஷ் போட்டுத் தேய்த்த பிறகும்
ஐந்துகூட நுழையவில்லை.
மேலே வளைந்த கொம்பைத்தான் நிமிர்த்த வேண்டும்.
நடு ஊசியில் கை வைக்கக்கூடாது,
சுற்றியிருக்கும் பீங்கான் மயிரிழை விட்டாலும்
புதுசுதான்.
குறட்டு நுனியால் நெம்பினேன். அதிகம்.
துவைக்கிற கல்லில் தட்டினேன்,
தூங்குகிற வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல.
குறைவு.
மறுபடி நெம்பல். மறுபடி தட்டல்.
ஒரு கட்டத்தில் தகடு உள்ளே போனது.
சும்மா போகவில்லை.
கூடப்பிறந்தவளிடம் கடன் கேட்டு நிற்கும்போது
நோட்டு அவள் விரலை விட்டு வருவதற்குள்
ஒரு இழுவை இருக்குமே,
அந்த அளவு.

கொட்டாவிக்காரன் நாலே தட்டில் வாயை மூடினான்.

"இத்தனூண்டு சந்துக்கா இம்புட்டு நேரம்?"
வாசலில் நின்று கேட்டார் வீட்டுக்காரர்.
நான் வாயைத் திறக்கவில்லை.
நெருப்பு இரும்பில் இல்லை, சந்தில்தான் என்று
சொல்லியிருப்பேன்;
நாளைக்கே அதைத் தத்துவமாக்கி
டீக்கடையில் பேசுவார்.
பிளக்கை விரலாலேயே திருகி
மரை சரியாகப் பிடித்த பிறகு
ஸ்பேனருக்குக் கைநீட்டினேன்.
எடுத்துக் கொடுத்தார்.

திங்கட்கிழமை.
பாலம் சமதரை மாதிரி வந்தது.
அதே மின்கம்பம் நெருங்கும்போது
கண்ணாடியில் பார்த்தேன்:
கபிலன் விரல்விட்டு எண்ணுகிறான்.
மூன்று என்றதும் பதினோரு தலையும்
முன்னால் விழுந்து பின்னால் போயின.
"ஹிக்!"

அடுத்த கம்பத்துக்கு
நானும் ஆக்சிலேட்டரில் இருந்து
காலைக் கொஞ்சம் எடுத்துக் கொடுத்தேன்.